இரவல் சாட்சி

மூன்றாவது ஆளின் நினைவை ஏந்திக்கொண்டு கண் விழித்தபோது செண்பகவடிவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பெரிய சந்தோஷமில்லை. சண்டைக்குப் போன மனுஷன் கை கால் முழுசாகத் திரும்பி வருவதைப் பார்த்தால் வயிற்றில் இறுகிக் கிடந்த முடிச்சு சட்டென்று அவிழுமே, அந்த மாதிரி. கொலை நடந்த மாலைக்குள் இது எப்படி வந்து உட்கார்ந்தது என்று புரியாமல் அவள் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

டாக்டர் ஷகிலா அவள் தலையிலிருந்து பட்டையைக் கழற்றினார். "உங்க பேரு சொல்லுங்க."

"செண்பகவடிவு."

"ஊரு?"

"தூத்து..." என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். "தென்காசி."

டாக்டர் சிரிக்கவில்லை. இந்தத் தடுமாற்றம் அவருக்குப் பழகிப்போன ஒன்று.

ஒருவர் கண்டதையும் கேட்டதையும் இன்னொருவர் தலைக்குள் இறக்கி வைக்கும் கருவி நீதிமன்றங்களுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. கண், காது, மூக்கு, தோல் வாங்கியதெல்லாம் வந்துவிடும். நெஞ்சு படபடத்தது வரும், வாய் உலர்ந்தது வரும். அந்த நேரத்தில் சாட்சி என்ன நினைத்தார், யார் பெயர் மனசில் ஓடியது என்பது மட்டும் வராது. "உடம்பு வரும், எண்ணம் வராது" என்பார் ஷகிலா. வழக்கோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத ஒருவர் எல்லாச் சாட்சிகளின் நினைவையும் தாங்கி, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, நீதிபதியிடம் சொல்ல வேண்டும். நினைவேந்தி என்று அவருக்குப் பெயர். இறக்கிய நினைவை வெளியே எடுக்க இதுவரை வழி இல்லை.

செண்பகவடிவு பிறந்ததிலிருந்து நாய்க்குப் பயந்தவளில்லை. நாய் கடித்த ஒருவரின் நினைவை ஏந்திய கயத்தாறு வழக்குக்குப் பிறகு தெருமுனையில் நாயைக் கண்டால் கால் பின்னிக்கொள்கிறது. அவள் திடுக்கிட்டு எழும்போதெல்லாம் புருஷன் கோமதிநாயகம், "இது உன் பயமா, இரவல் பயமா?" என்று கேட்பார். இரவல் என்றால் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுப்பார். சொந்தம் என்றால் எழுந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் சந்தோஷம் இரவலாக வந்தது இதுதான் முதல் முறை.

அன்று மத்தியானமே இன்ஸ்பெக்டர் உமையொருபாகம் வந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததிலேயே அவர் அவசரம் தெரிந்தது.

"நாளைக்கு விசாரணைம்மா. நீதிபதி ஒரே கேள்விதான் கேப்பாரு. கிளாடியஸை அடிச்சது அவன் தம்பி ராயப்பனா, இல்லையா?"

கிளாடியஸ் மச்சாது நாட்டுப்படகுக்காரர்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளாண்டின் பின்பக்க மேடையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் ஐஸ் பாளத்தை இழுக்கிற இரும்புக் கொக்கி கிடந்தது. மழை எல்லாத் தடயத்தையும் கழுவிவிட்டது. சொந்தத் தம்பி ராயப்பனைப் பிடித்தார்கள், போதிய சாட்சி இல்லையென்று விட்டார்கள். கோர்ட்டு விட்டாலும் ஊர் விடவில்லை. கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் அவனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள்.

"ஊருல மூணு கதை ஓடுது" என்றார் உமையொருபாகம். "விசைப்படகு முதலாளிமாரு ஆள் வச்சு அடிச்சாங்கன்னு ஒண்ணு. மழையில வழுக்கிக் கொக்கி மேல விழுந்தாருன்னு ஒண்ணு. தம்பிக்காரன் அடிச்சான்னு ஒண்ணு. முதல் கதைக்கு ஆள் இல்ல. ரெண்டாவது கதையைப் போஸ்ட்மார்ட்டம் டாக்டர் ஒத்துக்கிடல, அடி பின்னாலயிருந்து விழுந்திருக்கு. மூணாவது கதைக்குத்தான் கண்ணால பாத்த சாட்சி இருக்கு."

கண்ணால் பார்த்த சாட்சி, ஐஸ் பிளாண்ட் மெஷின் ஆபரேட்டர் பிச்சைக்கண்ணு. அன்று முகம் சரியாகத் தெரியவில்லை என்றவர், கருவிக்காக வழக்கை மறுபடி திறந்த பிறகு ராயப்பன்தான் என்று அடித்துச் சொல்கிறார். இரண்டாவது நினைவைக் கொடுத்தது ராயப்பனே. தான் வந்தபோது அண்ணன் விழுந்து கிடந்தான் என்பது அவன் வாக்குமூலம். மூன்றாவது, எதிரே டீக்கடை வைத்திருந்த ஜெனோவா. நீல மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள் பின்வாசல் வழியாக நடந்து போனதைப் பார்த்தேன், யாரென்று தெரியவில்லை என்று அன்றும் சொன்னாள், இன்றும் அதையேதான் சொல்கிறாள்.

மூன்று பேரும் இப்போது செண்பகவடிவுக்குள் இருந்தார்கள். ஒரு நினைவில் ராயப்பன் கொக்கியை ஓங்குவதை அவள் மேலிருந்து பார்த்தாள். இன்னொன்றில் அவளே ராயப்பனாக மழையில் ஓடி வந்து, அண்ணன் தலையை மடியில் தூக்கி வைத்து, குரல் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினாள். இரண்டையும் ஒரே உடம்பு எப்படித் தாங்கும்?

"பிச்சைக்கண்ணு நினைவுல ராயப்பன் முகம் தெரியுதா, தெரியலையா?" என்று கேட்டார் உமையொருபாகம்.

"தெரியுது சார். நல்லாவே தெரியுது. அதுதான் இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"அவரு மாடி ஜன்னல்ல நிக்காரு. கீழ நிக்க ஆளு தொப்பியை இழுத்து மூடியிருக்கான். மேலயிருந்து பாத்தா தொப்பிதான தெரியணும்? ஆனா அந்த ஆளு நிமுந்து பாக்கான். கொட்டுற மழையில அவன் முகத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சட்டைக் காலரு கூடத் தெரியுது. மழைக்கோட்டுக்குள்ள காலரு எப்படித் தெரியும்?"

அவர் புருவம் சுருங்கியது. செண்பகவடிவு மேசைமேல் கிடந்த பழைய செய்தித்தாளின் நகலை அவர் பக்கம் தள்ளினாள். கைதான மறுநாள் பேப்பரில் வந்த ராயப்பன் போட்டோ. முறுக்கிய மீசை, கோடு போட்ட காலர்.

"அந்த முகந்தான் சார் இது."

"அப்ப பிச்சைக்கண்ணு பொய் சொல்லுதாரா?"

"இல்ல" என்றார் அங்கேயே நின்றிருந்த ஷகிலா. "அவருக்கு அது சத்தியம். நாம ஒண்ணை நினைச்சுப் பாக்கும்போதெல்லாம் அதைப் புதுசா எழுதித்தான் வைக்கிறோம். உங்க ஆளுங்க அவர்கிட்ட முகத்தைப் பத்தி எத்தனை தடவை கேட்டிருப்பாங்க? கேட்டுக் கேட்டே அங்க ஒரு முகம் முளைச்சிருக்கும். கருவிக்கு முளைச்சதும் தெரியாது, நட்டதும் தெரியாது. இருக்கிறதை எடுத்துக் கொடுக்கும்."

"அப்ப எதைத்தான் நம்புறது?"

"யாரும் கேக்காததை."

செண்பகவடிவு கண்ணை மூடினாள். பிச்சைக்கண்ணுவின் ஜன்னலில் போய் நின்றாள். கீழே அடித்தவன் ஓடவில்லை. கொக்கியைப் போட்டுவிட்டுக் குந்தி உட்காருகிறான். கழுத்திலிருந்த துண்டை உருவி, நாலாக மடித்து, விழுந்தவன் தலையைப் பதமாகத் தூக்கி அடியில் வைக்கிறான். குழந்தையைத் தூங்க வைப்பது போல. இதை யாரும் பிச்சைக்கண்ணுவிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போலீஸ் வருமுன்னே ஆட்கள் கூடி உடலைத் தூக்கிவிட்டதால் துண்டும் போன இடம் தெரியவில்லை.

"அடிச்சவனுக்கு அவரு மேல பாசம் இருந்துருக்கு சார்" என்றாள்.

"தம்பிக்கு இருக்கத்தான செய்யும்?"

ஆனால் ராயப்பனின் நினைவில் அந்தத் துண்டு ஏற்கெனவே அங்கே இருந்தது. அண்ணன் தலையைத் தூக்கியபோது அது கையில் பட்டது. ஐஸ் பிளாண்டின் அமோனியா கண்ணைக் கரித்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாசனை. ராயப்பன் அழுதுகொண்டிருந்தான், அதைக் கவனிக்கவில்லை. அவன் மூக்கு மட்டும் வாங்கி வைத்திருந்தது.

செண்பகவடிவு ஜெனோவாவுக்குள் நுழைந்தாள். டீக்கடைத் தகரத்தில் மழை அறைகிறது. நீலக்கோட்டு ஆள் தலையைக் குனிந்தபடி வருகிறான். வயிற்று முடிச்சு அவிழ்கிறது. சந்தோஷம். ஜெனோவா நெற்றியில் வழிந்த சாரலைத் துடைக்கக் கையைத் தூக்குகிறாள். அந்தக் கையில்...

நீலகிரித் தைலம். துண்டில் இருந்த அதே வாசனை.

மூன்று சாட்சிகளில் ஒருவரும் சொல்லாதது, மூன்று பேரையும் ஏந்தியவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

"என்னம்மா?" என்றார் உமையொருபாகம்.

"ஜெனோவாக்கா வீட்டுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போறியளா சார்?"

வீடு கடற்கரைத் தெருவில் இருந்தது. ஜெனோவாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. டீக்கடையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம். உள்ளே இரண்டு இளம்பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டிருந்தார்கள். கிளாடியஸின் பிள்ளைகள். தாய் முன்னமே போய்விட்டாள். தகப்பனும் போனபின் ஜெனோவாவும் அவள் புருஷன் பவுல்தாசும்தான் எடுத்து வளர்த்தார்கள். பவுல்தாஸ், கிளாடியசோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்.

"மூத்தவ இமாகுலேட் நர்சிங் முடிச்சிட்டா" என்றாள் ஜெனோவா. "எல்லாம் அவுக படிக்க வச்சதுதான்."

பேச்சில் குறையில்லை, உபசரிப்பில் குறையில்லை. ஆனால் அவள் செண்பகவடிவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எதையோ கொடுத்து வைத்தவள் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பவுல்தாஸ் உள்ளே வந்தார். காய்ந்து கறுத்த உடம்பு, நரைத்த தலை. செண்பகவடிவு அதற்குமுன் அந்த மனிதரைப் பார்த்ததே இல்லை.

வயிற்று முடிச்சு அவிழ்ந்தது.

"வந்துட்டியளா? சாப்பிட்டியளா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது தான் என்று அவளுக்கு உறைத்தது. பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பவுல்தாஸ் குழப்பமாகச் சிரித்து, "ஆச்சும்மா" என்றார். ஜெனோவா மட்டும் அசையவில்லை.

"ஏதாவது தெரிஞ்சுதாங்க சார்?" என்று பவுல்தாஸ் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் போட்டிருந்த சட்டைப் பொத்தானையே கழற்றிக் கழற்றிப் போட்டது.

"நாளைக்குத் தெரிஞ்சிரும்" என்றார் உமையொருபாகம்.

ஜீப் துறைமுகம் தாண்டியதும் உமையொருபாகம் வண்டியை ஓரம் கட்டினார்.

"இவன்தானா?"

"தெரியல சார்."

"தெரியாமலா அவன்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டீங்க?"

"ஒரு தைல வாசனை சார். ஊருல தைலம் தேய்க்காத ஆளு யாரு? அப்புறம் ஒரு பொம்பளை மனசுல வந்த நிம்மதி. இதை வச்சு ஒரு மனுஷனைத் தூக்குல போடச் சொல்லவா?"

"சொல்லலைன்னா ராயப்பன் தலையில விழும். பிச்சைக்கண்ணு நினைவுல அவன் முகம் இருக்கு. அதை எடைபோட்டுச் சொல்லத்தான் உங்களை வச்சிருக்கு."

அவர் சொன்னது நியாயம். ஆனால் அவள் சொல்லாமல் மறைத்தது ஒன்று இருந்தது. அந்த மனிதர் வாசலில் நின்றபோது அவர் தோள் எலும்பு எப்படி இருக்கும், தைலம் தேய்க்கும்போது எந்த இடத்தில் கூசி நெளிவார் என்று அவள் உள்ளங்கைக்குத் தெரிந்திருந்தது. அவரை இழுத்துக்கொண்டு போவார்கள் என்று நினைத்தாலே மூச்சு முட்டியது. வேறொருத்தியின் இருபது வருஷக் குடித்தனம் அந்த ஒரு சாயங்காலத்துக்குள் சுருண்டு வந்து அவள் நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது.

காலையில் கோமதிநாயகத்துக்குப் போன் போட்டாள்.

"குரலே சரியில்லையே. என்ன, இரவல் பயமா?"

"பயம் இல்ல."

"பின்ன?"

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "சரி, எதுவாயிருந்தாலும் வீட்டுக்கு வா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

விசாரணை நீதிபதியின் தனியறையில் நடந்தது. பிச்சைக்கண்ணு முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ராயப்பன் சுவரோரம் தனியாக. போட்டோவில் இருந்த மீசையும் மிடுக்கும் எங்கே போயின என்று தெரியவில்லை. தன் தலைவிதியை யாரோ பக்கத்து அறையில் எழுதுவதைக் கேட்பவன்போல் தலைகுனிந்திருந்தான். அண்ணன் பிள்ளைகள் அவனுக்கு முதுகு காட்டி, ஜெனோவாவுக்கும் பவுல்தாசுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் பவுல்தாசின் கையைப் பிடித்திருந்தாள்.

"சொல்லுங்கள்" என்றார் நீதிபதி. "பிச்சைக்கண்ணுவின் நினைவில் இருக்கும் முகம் நம்பத்தக்கதா?"

"இல்லங்க ஐயா. பின்னால வந்து சேந்த முகம் அது." காரணங்களைச் சொன்னாள். பிச்சைக்கண்ணு தடுமாறி எழுந்து, "நான் பாத்தேன் ஐயா, இந்தக் கண்ணால பாத்தேன்" என்றார். அவரை உட்கார வைத்தார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லாத மனிதரைப் பொய்யனாக்கிவிட்டோமே என்று அவளுக்கு வலித்தது.

"ராயப்பனின் நினைவு?"

"அவரு வரும்போது அண்ணன் விழுந்து கிடந்தாரு. அடிச்ச ஆளு தன் துண்டைத் தலைக்கு வச்சிட்டுப் போயிருந்தான்."

"ஜெனோவாவின் நினைவில் போன ஆள் யார்?"

அவள் வாயைத் திறந்தாள். எதிரே பவுல்தாஸ். அவர் அவளைப் பார்க்கவில்லை. சின்னவள் கையை மெதுவாகத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏந்திய நினைவில் ஆளை அடையாளம் காட்ட முடியாவிட்டால் வழக்கை மூடுவதைத் தவிர வழியில்லை" என்றார் நீதிபதி. "மறுபடி திறக்க இந்தச் சட்டத்தில் இடமில்லை. ராயப்பன் மேலுள்ள சந்தேகம் போய்விட்டது என்றும் என்னால் எழுத முடியாது. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அந்த ஆள் யார்?"

ராயப்பன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனும் அவளுக்குள் இருந்தான். மழையில் வாயைத் திறந்து திறந்து மூடினான். பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலங்க ஐயா" என்றாள் செண்பகவடிவு.

உமையொருபாகம் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

"அவுகளால சொல்ல முடியாதுங்க ஐயா. நான் சொல்லுதேன்."

ஜெனோவா எழுந்து நின்றிருந்தாள். சேலை முந்தானையைச் சேர்த்துச் செருகிக்கொண்டாள், ஒரு வேலையைத் தொடங்குகிறவள் மாதிரி.

"அன்னைக்குப் போனது இவுகதான். எங்க வீட்டுக்காரரு."

இமாகுலேட் "சித்தி!" என்றாள். ஜெனோவா நிறுத்தவில்லை.

"இவுக கூடப்பொறந்த தம்பி வள்ளத்தை விசைப்படகு ஒண்ணு முட்டி, அவன் பொணங்கூடக் கிடைக்கல. அந்தக் கேஸை வாபஸ் வாங்கிச் சமாதானமாப் போவோம்னு கிளாடியஸ் சொல்லிட்டான். சளிக்குக் கழுத்துல தைலம் தேய்ச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். பாதியில எந்திரிச்சுச் சண்டைக்குப் போனாக. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரத்துல நடந்து வாரதைப் பாத்ததும், அப்பாடா, ஒண்ணும் நடக்கல, மாதாவே நன்றின்னு கும்பிட்டேன். அங்க அவன் செத்துக் கிடக்கான். இங்க நான் கும்பிட்டேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?" என்றார் நீதிபதி.

"சொல்ல வாய் வரலங்க ஐயா. ராயப்பனைத் தெருவுல பாக்கும்போதெல்லாம் சொல்லிரணும்னு வரும். இவுக வீட்டுக்குள்ள வந்ததும் போயிரும். கருவியில கொடுத்தா வேற யாராவது சொல்லிருவாகன்னுதான் கையெழுத்துப் போட்டேன். ஆனா..." அவள் செண்பகவடிவைப் பார்த்தாள். "கொடுத்துட்டு எந்திரிச்சப்போ அந்தச் சாயங்காலம் எனக்குப் பேப்பர்ல படிச்ச மாதிரி ஆயிருச்சு. என்ன நடந்துதுன்னு தெரியுது, ஒண்ணும் பண்ணல. என் பாரம் இந்த அம்மா மேல போயிருச்சு. நேத்து வீட்டுல எங்க வீட்டுக்காரரைப் பாத்து இந்த அம்மா மூஞ்சி மாறினப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், இவுக வாயும் அடைச்சுப் போகும்னு."

எல்லாரும் பவுல்தாசைப் பார்த்தார்கள். அவர் சின்னவள் கையிலிருந்து தன் கையைப் பதமாக விடுவித்துக்கொண்டார்.

"ஒரே அடிதாங்க ஐயா" என்றார். "எந்திரிச்சிருவான்னு நினைச்சேன். தலை கல்லுல கிடக்கேன்னுதான் துண்டை வச்சேன்."

சின்னவள் ஓவென்று அழுதாள். இமாகுலேட் எழுந்து இரண்டடி வைத்தாள், பவுல்தாஸ் பக்கமா ராயப்பன் பக்கமா என்று தெரியாத மாதிரி நடுவில் நின்றுவிட்டாள். ராயப்பன் யாரையும் திட்டவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, "கொஞ்சம் தண்ணி தருவீங்களா?" என்று அங்கிருந்த காவலரிடம் கேட்டான். இமாகுலேட்தான் மேசைமேல் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவன் அதை வாங்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பவுல்தாசைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவருகே நின்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். ஜெனோவாவும் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, வெறுப்பில்லை. பஸ்ஸில் எதிர் சீட்டில் வந்தவர் இறங்குவதைப் பார்க்கிற பார்வை. அந்த ஒரு பார்வையில்தான் அந்த மனிதர் நொறுங்கினார்.

செண்பகவடிவுக்கு அடக்க முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் வந்து தோளைத் தொட்ட டாக்டர் ஷகிலாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வாசலில் ஜீப்பில் ஏறும்போது பவுல்தாஸ் உமையொருபாகத்திடம் கேட்டார்.

"சார், அந்த அம்மா எனக்கு யாரு? எங்க வீட்டு ஆளு மாதிரி அழுதாகளே."